ரெட்டிக்கிளுக்குக் ‘குறியிழை’: என் தரப்பு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றுத் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கிக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன், ‘ரெட்டிக்கிள்’ என்ற சொல்லில், அதாவது குறி பார்க்கத் தொலைநோக்கிக்குள் தெரியும் கோடு அல்லது புள்ளிக்கு என்ன பெயர் என்பதில், வந்து நின்றுவிட்டேன் என்று போன மடலில் சொல்லியிருந்தேன். வந்த பதில்களை எல்லாம் இரண்டு முறை படித்தேன். ‘குறியிழை’ என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

> பள்ளியில் நிறமாலைமானிச் செய்முறையில் ‘குறுக்குக்கம்பி’ என்று படித்தோமே, அது போதாதா?

நானும் அப்படிப் படித்தவன்தான். அப்புறம் நில அளவை வேலையில் டம்பி லெவலும் தியோடலைட்டும் பிடித்த காலம் முழுக்க ‘கிராஸ் ஹேர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அங்கே குறுக்கும் நெடுக்கும் கோடு ஓடியது, அதனால் பெயர் பொருந்தியது. இன்றைய துப்பாக்கித் தொலைநோக்கியைப் பாருங்கள். ஒன்றில் நடுவில் ஒரு புள்ளி மட்டும். இன்னொன்றில் வட்டம். வேறொன்றில் கீழ்நோக்கி விரியும் கிளைகள். குறுக்கு என்பது பல வடிவங்களில் ஒன்று மட்டுமே. கம்பியும் பலவற்றில் இல்லை, கண்ணாடியில் பொறித்த கோடுதான்.

> கண்ணாடியில் பொறித்தது என்றால் ‘இழை’ மட்டும் எப்படிப் பொருந்தும்?

இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. முதலில் வரலாறு. 1640-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வில்லியம் கேஸ்காய்ன் என்ற வானியலாளரின் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று இழை ஓட்டிவிட்டது. அந்த இழை சரியாகக் குவியத் தளத்தில், அதாவது பிம்பம் விழும் இடத்தில், அமைந்ததால், வானத்துப் பொருளும் இழையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிந்தன. குறி பார்க்க இதுவே வழி என்று அவர் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நெடுங்காலம் அளவைக் கருவிகளில் சிலந்தி இழையையே பிரித்தெடுத்து ஒட்டினார்கள். ஆக, பிறப்பிலேயே அது இழை. அடுத்தது நம் மொழி. ‘வைரம் இழைத்த தோடு’ என்கிறோமே, அங்கே இழைத்தல் என்றால் பதித்தல். நூலாகக் கட்டினாலும் இழைதான், கண்ணாடியில் பதித்தாலும் இழைத்ததுதான். இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்கும்போது அதை விட எனக்கு மனம் வரவில்லை.

‘குறிவலை’ என்ற பரிந்துரையும் நல்லதுதான். ‘ரெட்டிக்கிள்’ என்பதன் லத்தீன் மூலத்துக்குச் சின்ன வலை என்றுதான் பொருள். ஆனால் பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு அங்கே வலை எதுவும் தெரியாதே.

சொல் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டு வரிகளிலேயே அதைப் போட்டுப் பார்த்தேன்:

“முதலில் குறியிழையைத் தெளிவாக்குங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி கண்ணருகு வில்லையைத் திருகுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் உற்றுப் பார்க்க வேண்டாம், கண் தானாகவே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றிவிடும். எக்காரணம் கொண்டும் சூரியனைப் பார்க்கக் கூடாது.”

“துப்பாக்கியை அசையாமல் தாங்கியில் வைத்துத் தலையை மட்டும் லேசாக இடமும் வலமும் நகர்த்துங்கள். குறியிழை இலக்கின் மேல் நகர்ந்தால் இடமாறு தோற்றப் பிழை இருக்கிறது.”

தடுக்காமல் படிக்க முடிகிறது அல்லவா? பாரலாக்ஸுக்குப் பாடநூலில் உள்ள ‘இடமாறு தோற்றப் பிழை’யை அப்படியே எடுத்திருக்கிறேன், புதிதாக ஒன்று தேவையில்லை. 100 கெசத்துக்குச் சரிசெய்து வரும் தொலைநோக்கியைப் 10 மீட்டர் இலக்குக்குப் பயன்படுத்துகிறவர்கள் இந்தப் பிழையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்தப் பகுதியைக் கையேட்டில் நீட்டியே எழுதியிருக்கிறேன். (ஒலிம்பிக் 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் துப்பாக்கியில் தொலைநோக்கிக்கே அனுமதி கிடையாது. அங்கே இருப்பது துளை வழியாகப் பார்க்கும் குறிகாட்டி. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டாம்.)

> மில் கோடுகளுக்குத் தனிச் சொல் வேண்டுமா?

வேண்டாம், ‘மில்’ இருக்கட்டும். அது கோணத்தை அளக்கும் அலகு. 1 மில் என்பது 100 மீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர். பொருளின் உயரம் தெரிந்தால், அது எத்தனை மில் கோட்டுக்குள் அடங்குகிறது என்று பார்த்துத் தொலைவைக் கணக்கிடலாம். நில அளவையில் லெவல் கருவியின் மேல் இழைக்கும் கீழ் இழைக்கும் நடுவே அளவுகோலைப் படித்து, தொலைவுக்காக நூறால் பெருக்கினோமே, அதே கணக்குதான். அளவைக்காரர்களும் துப்பாக்கிக்காரர்களும் ஒரே சொல்லைப் பயன்படுத்த இதைவிடக் காரணம் வேண்டுமா?

இனி ‘ஜீரோ’ செய்வது. ‘சுழியாக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படிக்கிறவர் எதையோ அழிப்பதாக நினைப்பார். நடப்பது வேறு. குண்டு போய்ப் படும் இடமும் குறியிழை காட்டும் இடமும் ஒன்றாகும்வரை மேல்திருகையும் பக்கத்திருகையும் சொடுக்குச் சொடுக்காகத் திருப்புகிறோம். வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை. ஆகவே ‘குறி கூட்டுதல்’. 100 கெசத்தில் ஒரு சொடுக்குக்குக் குண்டு படும் இடத்தைக் கால் அங்குலம் நகர்த்தும் திருகு, 25 கெசத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான் நகர்த்தும், அதனால் அதே அளவு நகர்த்த அங்கே நாலு மடங்கு சொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் புதிதாக வருகிறவர் திருகு கெட்டுப்போனது என்று முடிவு செய்துவிடுவார்.

பராமரிப்புப் பகுதியில் சொல் சிக்கல் அதிகம் இல்லை. தூசியை முதலில் ஊதுகுமிழால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகே துணி. சட்டை நுனியால் துடைத்தால் மணல் துகள் வில்லைப் பூச்சைக் கீறிவிடும். தொலைநோக்கிக் குழலுக்குள் நைட்ரஜன் அடைத்திருப்பதால் உள்ளே தூசி தெரிகிறது என்று கழற்றக் கூடாது. கடலோர ஊர்க்காரர்கள் உறையிலேயே மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள், வில்லையில் பூஞ்சை பிடிக்கும். சுருள்வில் காற்றுத் துப்பாக்கி பின்னும் முன்னுமாக இரண்டு பக்கமும் உதைக்கும். அதற்கென்று செய்யாத தொலைநோக்கியில் குறியிழையே இடம் பெயர்ந்துவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும். ‘ஐ ரிலீஃப்’, அதாவது கண்ணருகு வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி. பொதுவாக மூன்று நான்கு அங்குலம். குறைந்தால் உதையில் புருவம் கிழியும். ‘கண் இடைவெளி’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. ‘கண்ணெட்டு’ சரிவருமா?

அன்புடன்.