[கலைச்சொல்] ஆன்டிகோயாகுலன்டுக்கு என்ன போடலாம்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

அனைவருக்கும் வணக்கம்,

பல்கலைக்கழக ஆய்வகங்கள்ல பிறந்த மருந்துகள் பத்தி காலேஜ் பசங்களுக்கு ஒரு சின்ன புத்தகம் மொழிபெயர்த்துட்டு இருக்கேன். விஸ்கான்சின் பல்கலைக்கழக அத்தியாயத்துல வந்து சிக்கிட்டேன்.

கதை அவ்வளவு நல்லா இருக்கு. 1933 பிப்ரவரி, பனிப்புயல், டீர் பார்க்ங்கற ஊர்லேர்ந்து எட் கார்ல்சன்னு ஒரு விவசாயி, செத்துப்போன கிடேரி ஒண்ணு, பால் கேன்ல உறையாத ரத்தம், மாடுங்க தின்ன கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் தீவனம் 100 பவுண்டு, எல்லாத்தையும் வண்டில ஏத்திக்கிட்டு கிட்டத்தட்ட 190 மைல் ஓட்டி அந்தப் பல்கலைக்கழகம் இருக்கற மாடிசனுக்கு வர்றாரு. கால்நடை அதிகாரி ஆபீஸ் பூட்டியிருக்கு. அலைஞ்சு திரிஞ்சு உயிர்வேதியியல் துறைக்குள்ள நுழையறாரு, அங்க கார்ல் பால் லிங்க். அன்னிக்கு லிங்க்கால அந்த தீவனத்த போடாதீங்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது. ஆனா 1939ல அவரோட ஆய்வகத்துல ஹரால்ட் கேம்ப்பெல் அந்த மாதிரி தீவனத்துலேர்ந்தே, ரத்தத்த உறையவிடாத டைகூமரால்ங்கற பொருளோட படிகத்த பிரிச்செடுத்துட்டாரு. அதோட வழியில வந்த வார்ஃபரின் 1948ல எலிமருந்தா கடைக்கு வந்து 1954ல மனுஷங்களுக்கான மருந்தாவும் ஆச்சு, 1955ல அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தப்ப அவருக்கே கொடுத்தாங்க.

ரத்தத்த உறையவிடாத இந்த மாதிரி மருந்துங்களுக்கு ஆன்டிகோயாகுலன்ட்னு பேர், அந்தச் சொல் பத்திக்கு ஒருதரம் வருது. பிளட் தின்னர்னா எல்லாருக்கும் தெரியும்ங்கறதால இப்போதைக்கு "குருதி நீர்ப்பி"ன்னு போட்டிருக்கேன். நோயாளிகளுக்கான ஒரு கட்டமும் கடைசில இருக்கு, அதுலயும் இதே சொல்தான் வரும். வெள்ளி காலைல அச்சகத்துக்கு போகணும், உதவுங்க.

ப.நி., திருச்சி

-----

தங்கச்சி, நீர்ப்பி மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த மருந்து ரத்தத்த தண்ணியாக்குறதே இல்ல. கல்லீரல் 2, 7, 9, 10ன்னு நாலு உறைவுக் காரணிகள (ரத்தம் உறைய வேண்டிய புரதங்கள) செய்யறதுக்கு வைட்டமின் கே வேணும், ஒருதரம் வேலைக்கு போன வைட்டமின் கே-ய மறுபடி பழைய நிலைக்கு கொண்டுவர ஒரு நொதி இருக்கு, வார்ஃபரின் அந்த நொதிய மடக்கிடுது, அதனால காரணிகள் அரைகுறையா வெளிய வருது, ரத்தம் உறைய நேரமாகுது. ரத்தத்தோட அடர்த்தி அப்படியேதான் இருக்கு.

இது வெறும் பாட பிரச்சினை இல்ல. எங்க பக்கம் "ரத்தம் தண்ணியா இருக்கு"ன்னா ரத்தசோகைன்னு அர்த்தம். இதய வால்வு மாத்துனவங்ககிட்ட போய் இது ரத்தத்த தண்ணியாக்குற மாத்திரைன்னு சொல்லிப்பாருங்க, வீட்ல இருக்கறவங்க பதறிப்போய் தினம் முருங்கைக்கீரை பொரியல் பண்ணி போட ஆரம்பிச்சிடுவாங்க. அந்தக் கீரைல வைட்டமின் கே ஜாஸ்தி. திடீர்னு கூடுதலா சாப்பிட்டா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்கற அளவு) எறங்கும், வால்வுல ரத்தம் உறைஞ்சா உயிருக்கே ஆபத்து. சில பேர் பயந்து மாத்திரையவே நிறுத்திடறாங்க. பேரே நோயாளிய தப்பான பக்கம் தள்ளக்கூடாது, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

உறைதடுப்பின்னு போடுங்க, போதும்.

டாக்டர் க.வ., மதுரை

-----

அன்புள்ள மருத்துவர் அம்மா, மகள் ப.நி.,

நீர்ப்பி ஆகாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் "உறைதடுப்பி"யும் இலக்கணப்படி நிற்காது. உறை என்பது இங்கே வினைப்பகுதி. அதோடு தடுப்பி சேர்ந்தால் சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை ஆகிவிடும். உறைந்த தடுப்பி, உறைகின்ற தடுப்பி, உறையும் தடுப்பி என்று விரியும். தடுக்க வந்ததே உறைந்துபோனதாகப் பொருள் வருகிறது! வலி மிகுத்து உறைத்தடுப்பி என்றால் தலையணை உறை நினைவுக்கு வரும்.

எனக்கு வெகுநாளாக ஒரு சொல் மனசில் கிடக்கிறது. குறுந்தொகை 167ல் "முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்" படித்திருப்பீர்கள். முளிதயிர் என்றால் நன்கு முற்றி இறுகிய தயிர். நீர்மமாக இருந்தது இறுகுவதற்கு இதைவிடப் பழைய சொல் ஏது? இன்னொன்றும் பாருங்கள், அதே முளிக்கு உலர்தல் என்றும் பொருள் உண்டு, காய்ந்த புல்லை முளிபுல் என்றார்கள் நம்மவர். விஸ்கான்சின் மாடுகளைக் கொன்றது எது? காய்ந்த தீவனம்! நோயும் மருந்தும் ஒரே வேரில் அமைகிற சொல் எந்த மொழிக்கு வாய்க்கும்? "முளிதடை" என்று வைப்போம். ஒரு தலைமுறை பழகினால் வந்துவிடும்.

புலவர் சு.தி., தஞ்சை

-----

ஐயா பாட்டு அருமை, படிச்சதும் ரெண்டுதரம் திரும்ப படிச்சேன். ஆனா தீவனம் காய்ஞ்சதால பிரச்சினை வரல, சரியா காயாம பூஞ்சை பிடிச்சதாலதான் வந்துச்சு. ஸ்வீட் குளோவர்ல கூமரின்னு ஒரு வாசனைப் பொருள் இருக்கு, அது தன்னால ஒண்ணும் பண்ணாது, பூஞ்சைதான் அத டைகூமராலா மாத்துது. நல்லா காய்ஞ்ச முளிபுல்லா இருந்திருந்தா கார்ல்சனோட மாடுங்க பிழைச்சிருக்கும். பூஞ்சை பிடிச்ச தீவனம்தான் காரணம்னு 1920கள்லயே கனடால ஸ்கோஃபீல்ட்னு ஒரு கால்நடை டாக்டர் சொல்லிட்டாரு, கெட்டுப்போன தண்டும் நல்ல தண்டும் தனித்தனியா போட்டுப் பாத்து. பல்கலைக்கழகப் பெருமை எழுதும்போது எங்காளுங்க பேரையும் ரெண்டு வரி சேருங்க ப.நி. மேடம்.

தீவனத்துக்கு யாராவது குதிரைமசால்னு போட்டுடாதீங்க, அது லூசெர்ன், வேற செடி. ஸ்வீட் குளோவர் நம்ம விவசாயிங்க போடற பயிர் இல்ல, அப்படியே விட்டுடலாம்.

என் யோசனை: எல்லாமே வைட்டமின் கே-ய சுத்தித்தானே நடக்குது, "கே-எதிரி"ன்னு வைக்கலாமே? எலிமருந்து தின்ன நாய்ங்கள தூக்கிட்டு வருவாங்க, மருந்து வைட்டமின் கே தான். அந்த கே-யே உறைதல்ங்கற சொல்லோட முதல் எழுத்து, டேனிஷ்லயும் ஜெர்மன்லயும். அத கண்டுபிடிச்ச டென்மார்க்காரர் ஹென்ரிக் டாம் வச்ச பேர், 1943ஆம் வருஷத்துக்கான நோபல டாய்சியோட சேர்ந்து வாங்குனாரு.

கால்நடை மரு. இ.ப., நாமக்கல்

-----

அப்ப வைட்டமின் கே-க்கே "உயிர்ச்சத்து உ"ன்னு பேர் மாத்திடலாமே, உறைவுக்கு உ, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்.

செ.அ., கோவை

-----

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இங்க பாமசியில நிக்கிறன்.

புலவர் ஐயா கோவிக்கக்கூடாது, முளிதடை எண்டு நான் கவுண்டரில சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. உறை எண்டுறதிலயும் எங்களுக்கு ஒரு கரைச்சல் இருக்கு, இங்க உறைப்பு எண்டால் காரம். ஆனபடியால் உறைப்பு எண்டு வராமல் "உறைவு" எண்டு வந்தால் சரி. சனத்திட்ட நாங்கள் "ரத்தம் உறையாமல் இருக்கிறதுக்கான குளிசை" எண்டுதான் சொல்லுறம், எழுத்தில குருதி எண்டு போடலாம், அது இங்க பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கே தெரிஞ்ச சொல்.

தனித்தமிழ் பற்றிக் கதைக்கேக்க மானிப்பாய் கிறீன் வைத்தியரை மறக்கப்படாது. அமெரிக்காவில இருந்து வந்து தமிழில வைத்தியம் படிப்பிச்ச மனுசன். முதல்ல தமிழில தேடு, இல்லாட்டி வடமொழி, அதுவும் சரிவராட்டி இங்கிலீசையே தமிழ் எழுத்தில எழுது எண்டதுதான் அவற்றை முறை. வேதியியல் புத்தகத்துக்கு அவர் வைச்ச பேரே கெமிஸ்தம். அப்ப வார்ஃபரின் எண்டதை மொழிபெயர்க்க ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம். விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின்ர முதல் எழுத்துகள்தான் அந்த வார்ஃப், மிச்சம் கூமரின்ர வால். ஒரு பல்கலைக்கழகத்தின்ர பேர் மருந்துக்குள்ள இருக்கிறது, அதை அழிக்கிறது சரியில்லை.

த.ந., யாழ்ப்பாணம்

-----

மருந்துப் பேரை மாற்ற நானும் சொல்லவில்லை தம்பி. வார்பரின் என்று எழுதுங்கள், அந்த ஆய்தத்தை இடையில் நுழைக்காதீர்கள் என்றுதான் கேட்பேன். ஆய்தம் தனக்கென ஓர் ஒலி உடையது, ஆங்கில எழுத்துக்கு ஊன்றுகோல் அல்ல.

புலவர் சு.தி.

-----

ஆய்தச் சண்டைய தயவுசெஞ்சு தனி இழைல வச்சுக்கலாம், போன மாசம் ஃபேஸ்புக்க முகநூலாக்குனப்பவே இருநூறு மடல் போச்சு. இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருக்கு. "குருதிக்கட்டுத் தடுப்பி"ன்னு ஒருத்தர் தனிமடல்ல அனுப்பியிருக்காங்க, கட்டுன்னா பசங்களுக்கு சட்டுனு புரியும்ல?

ப.நி.

-----

கட்டு வேண்டாம்மா. பேச்சுல ரத்தக்கட்டுன்னா அடிபட்டு தோலுக்கடில கன்னிப்போறது. இந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு அடிபடாமலே ரத்தக்கட்டு வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வான்னு உங்க கட்டத்துலயே எழுதியாகணும். கட்டுத்தடுப்பி சாப்பிட்டா கட்டு வரும்னு எழுதுவீங்களா?

நாமக்கல் தம்பி சொன்ன கே-எதிரி வார்ஃபரினுக்கும், நம்மூர்ல நிறைய பேர் சாப்பிடற அசிட்ரோமுக்கும் கச்சிதமா பொருந்தும். ஆனா ஹெப்பாரின்? 1916ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜே மெக்லீன்னு ஒரு மருத்துவ மாணவர் வழி காட்டுன மருந்து அது, வைட்டமின் கே பக்கமே போகாது, உறைவத் தடுக்க உடம்புல ஏற்கெனவே இருக்கற ஆன்டித்ராம்பின்ங்கற புரதத்த முடுக்கிவிடுது. அதுவும் இதே வகைதான். அதனால வகைக்கு உறைவுத் தடுப்பி, உட்பிரிவுக்கு வேணும்னா கே-எதிரி.

"கரைப்பி"ன்னும் யாரும் வந்துடாதீங்க. உறைஞ்ச கட்டிய கரைக்கறது ஸ்ட்ரெப்டோகைனேஸ் மாதிரி மருந்துங்க. அதுவும் ஹாப்கின்ஸ்ல டில்லெட் 1933ல கண்டது, அதாவது கார்ல்சன் பால் கேனோட மாடிசனுக்கு வந்த அதே வருஷம். வார்ஃபரின் இருக்கற கட்டிய கரைக்காது, புதுசா வராம பாத்துக்கும். இந்த வித்தியாசம் தெரியாம மாத்திரை போட்டும் கட்டி கரையலியேன்னு நிறுத்துனவங்கள பாத்திருக்கேன்.

டாக்டர் க.வ.

-----

உறைவு + தடுப்பி, வலி மிகுமா மிகாதா? இரண்டாம் வேற்றுமைத்தொகைதானே, இயல்பாவும் விடலாமே?

செ.அ.

-----

தீத்தடுப்பு, நோய்த்தடுப்பு என்று மிகுத்தே எழுதிப் பழகிவிட்டோம். உறைவுத்தடுப்பி என்று மிகுத்தே எழுதுங்கள். உறைவு என்று தொழிற்பெயராக்கியதால் வினைத்தொகைக் குற்றமும் நீங்கிற்று, இதற்கு நான் தடை சொல்லவில்லை. ஆனாலும் இது விளக்கமே தவிரச் சொல் அல்ல என்பதே என் எண்ணம். எளிமை, எளிமை என்று சொல்லி முளி போன்ற வேர்களை எல்லாம் நாமே பட்டுப்போக விடுகிறோம். அடிக்குறிப்பிலாவது முளிதடைக்கு இடம் கொடு மகளே.

புலவர் சு.தி.

-----

சரி, இதுவரைக்கும் வந்தத வச்சு முடிவு பண்றேன். பாடத்துல குருதி உறைவுத்தடுப்பி, ரெண்டாவது தடவைலேர்ந்து உறைவுத்தடுப்பி மட்டும். நோயாளிகளுக்கான கட்டத்துல சொல்லே இல்லாம "ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மாத்திரை", கீரைய திடீர்னு கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம்ங்கற வரியோட. கே-எதிரி ஒரு இடத்துல வருது. ஸ்கோஃபீல்டுக்கு ஒரு பத்தி சேத்துட்டேன். ஐயா, முளிதடைய அடிக்குறிப்புல போட ஆசைதான், ஆனா பதிப்பாசிரியர் அடிக்குறிப்பே கூடாதுங்கறார். இத மாத்தணும்னு நினைக்கறவங்க இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க.

ப.நி.

-----

எனக்கு சம்மதம். கட்டத்துல ஆஸ்பிரின இந்தப் பேருக்குள்ள சேத்துடாதீங்க, அது ரத்தத்துல இருக்கற தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒட்டாம தடுக்கற வேற வகை. அதுக்கு என்ன பேர்னு அடுத்த வாரம் பேசுவோம்.

டாக்டர் க.வ.

-----

எனக்கும் சரி, ஆனா குருதி முன்னுக்கு கட்டாயம் இருக்கவேணும், இல்லாட்டி குளிர்சாதனப்பெட்டிக்கு ஊத்துற திரவம் எண்டு நினைப்பினம்.

த.ந.

-----

நான் உடன்படவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். தட்டணுவுக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது, திங்களன்று எழுதுகிறேன்.

புலவர் சு.தி.