புதுப்பிப்பு: அக்காவுக்கு கீமோ தேவையா? ஆன்கோடைப் முடிவு வந்துவிட்டது

மார்பகக் கட்டியை அகற்றிய பிறகு 56 வயது அக்காவுக்குக் கீமோ கொடுக்கத்தான் வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கட்டி ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர் 2 நெகட்டிவ் (ஹெர் 2 என்ற புரதம் அதிகம் இல்லை), நெறிகட்டிகளுக்குப் பரவவில்லை. அப்படியென்றால் கீமோவால் பலன் இருக்குமா என்று பார்க்கும் ஆன்கோடைப் டிஎக்ஸ் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுதான் கைகொடுத்தது. புதிதாக ஊசி, ரத்தம் எதுவும் இல்லை; ஆபரேஷனில் எடுத்த கட்டியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுத் துண்டு) அமெரிக்காவுக்கு அனுப்பி 21 மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்க்கிறார்கள். ஸ்கோர் 17 வந்தது (0 முதல் 100 வரை, கூடக் கூட நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்). 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, இதே வகைக் கட்டியில், 25 வரை கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று 2018-இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியதாம். அதனால் கீமோ இல்லை, லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை மட்டும். இதே 17 நாற்பது வயதில் வந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

எதிர்பாராதது, ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து அந்த பிளாக்கை வாங்கவே ஒன்பது நாள் அலைந்தோம். பிளாக் வேண்டும் என்று முதலிலேயே அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், இது பிராக்கா பரிசோதனை இல்லை, நானும் குழம்பினேன். பரம்பரையாக வருமா என்று பார்ப்பது அது. அக்கா மகளுக்காக அதைத் தனியாகக் கேட்கப் போகிறோம்.