அக்கா செய்யப்போகும் நாற்காலி

அக்கா: [படம்]

அக்கா: எல்லாரும் பாருங்க. பிளைவுட்டை அடுக்கி ஒட்டி, டிஸ்க் சுற்றுகிற கை கிரைண்டரால் செதுக்கி ஒரு நாற்காலி செய்யப் போகிறேன். காலும் இருக்கையும் முதுகும் எங்கே பிரிகிறது என்றே தெரியக்கூடாது.

நான்: படத்தில் நாற்காலி எந்தப் பக்கம் இருக்கிறது?

அத்தான்: எனக்கும் அதே சந்தேகம்தான். வீட்டில் கேட்கத் தைரியம் வரவில்லை.

அம்மா: உட்கார்ந்தால் தாங்குமா அது?

சித்தப்பா: ஒழுங்காக ஒட்டினால் தாங்கும் அண்ணி. 1960களிலேயே அமெரிக்காவில் வெண்டெல் காசில் என்பவர் பலகைகளை அடுக்கி ஒட்டி, சிலை வடிப்பதுபோல் நாற்காலிகளை வடித்தார். புது வித்தை இல்லை.

சித்தப்பா: பாப்பா, எந்த வாக்கில் அடுக்கப் போகிறாய்?

அக்கா: கீழிருந்து மேலே, ஒன்றின்மேல் ஒன்றாக.

சித்தப்பா: வேண்டாம். அப்படி அடுக்கினால் காலுக்குள் பிளைவுட்டின் மெல்லிய மர ஏடுகள் எல்லாம் படுத்துக் கிடக்கும். யாராவது பின்னால் சாய்ந்ததும் கால் வளையப் பார்க்கும். அந்த இழுப்பு ஏட்டை ஏட்டிலிருந்து பிய்க்கும். பிளைவுட்டுக்கு அதுதான் பலவீனமான திசை.

சித்தப்பா: நாற்காலியைப் பக்கவாட்டில் பார்த்தால் என்ன உருவம் தெரிகிறதோ, அதை ஒவ்வொரு துண்டிலும் வெட்டு. பிறகு இடமிருந்து வலமாக அடுக்கு. ஏடுகள் மாறி மாறிக் குறுக்கும் நெடுக்கும் போவதால், காலின் வடிவம் எப்படி வளைந்தாலும் கொஞ்சம் நாராவது அதன் நீளத்தோடு ஓடும். பிளைவுட் இல்லாமல் ஒரே மரப்பலகையில் அந்த வளைவை வெட்டினால் நார் குறுக்கே அறுந்து ஒரு நாள் படக்கென்று உடையும்.

நான்: எத்தனை துண்டு வரும்?

சித்தப்பா: 18 மி.மீ. பலகை என்றால் 25 துண்டு சேர்ந்து 45 செ.மீ. அகலம். இரண்டு ஓரத்திலும் மும்மூன்று துண்டில் மட்டும் கால் இருக்கட்டும். நடுவில் இருக்கிற 19க்கும் இருக்கையும் முதுகும் போதும். முன்பக்க உயரம் 43, 44 செ.மீ. வை. இருக்கை பின்னால் கொஞ்சம் சரியட்டும், 4 டிகிரி போல.

அக்கா: இருக்கைக் குழியை மொத்தமாக ஒட்டின பிறகு தோண்டிக்கொள்ளவா?

சித்தப்பா: அய்யோ, கை கழன்றுவிடும். துண்டு வெட்டும்போதே குழியை வெட்டிவிடு. நடுத் துண்டுகளில் இருக்கைக் கோடு கீழே, ஓரத்துக்கு வர வர மேலே. ஒட்டியதும் படிக்கட்டாக நிற்கும். கிரைண்டருக்கு மிஞ்சுவது படிகளின் முனை மட்டும்தான்.

சித்தப்பா: ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் பென்சிலால் கறுப்பாகக் கோடு இழுத்துவை. முனையைத் தேய்த்துக்கொண்டே போ. கோடு மங்கும்போது கையை எடுத்துவிடு. எவ்வளவு தோண்ட வேண்டும் என்று கண்ணால் மதிப்பிடுகிற வேலையே கிடையாது.

அத்தான்: மாமா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் செதுக்குகிற வேலை கடைசி அரை நாள்தானா?

சித்தப்பா: அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. பாக்கி எல்லாம் வெட்டுவதும் ஒட்டுவதும்.

அக்கா: துண்டு வெட்ட ஜிக்சா ரம்பம் போதுமா?

சித்தப்பா: போதும், ஆனால் தடிமனான பலகையில் வளைவு வெட்டும்போது பிளேடு வளையும். மேலே கோட்டில் இருக்கும், அடியில் விலகியிருக்கும். அதனால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டு. பிளைவுட் பசை பிளேடைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், பழையதை வைத்து அழுத்திக்கொண்டு நிற்காதே.

அம்மா: தம்பி, அவளிடம் கண்ணாடி போடச் சொல்லு.

சித்தப்பா: சொல்கிறேன் அண்ணி.

அக்கா: துண்டுகளை ஸ்க்ரூ போட்டுப் பிடித்துக்கொண்டு ஒட்டலாமா? இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் கொஞ்சம்தான் இருக்கிறது.

சித்தப்பா: செதுக்குகிற இடத்தில் இரும்பே கூடாது. டிஸ்க் ஸ்க்ரூவில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். துண்டு நழுவாமல் இருக்க மரக்குச்சி அடி. வெள்ளைப் பசை பத்து நிமிடத்தில் இழுக்க ஆரம்பித்துவிடும், 25ஐயும் ஒரே மூச்சில் ஒட்ட நினைக்காதே. மூன்று நான்காக ஒட்டு. கிளாம்பை நடுவில் முதலில் இறுக்கி ஓரத்துக்குப் போ. விளிம்பு நெடுகப் பசை பொட்டுப் பொட்டாக வெளியே வர வேண்டும். வராத இடத்தில் உள்ளே காலி. மறுநாள் வரை கிரைண்டரைத் தொடாதே.

நான்: மலிவுப் பலகை வாங்கினால்?

சித்தப்பா: உள்ளே ஓட்டை இருக்கும். செதுக்கும்போது ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். பிர்ச் பிளைவுட்டில் 18 மி.மீ.க்குள் 13 ஏடு, நடுவில் அதிகம் ஓட்டை இருக்காது. ஏடு அதிகமாக இருந்தால், செதுக்கின பரப்பில் ஏடுகளின் விளிம்பு காட்டுகிற கோடும் நெருக்கமாக வரும்.

அக்கா: அந்தக் கோடுகளுக்காகத்தான் நான் இதையே ஆரம்பித்தேன்!

சித்தப்பா: அதுதான் உன் அளவுகோலும். மேற்பரப்பு சீராக இருந்தால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். எங்கே கோடு நெளிகிறதோ அங்கே ஒரு மேடோ பள்ளமோ இருக்கிறது. கைக்குத் தெரியாத மேடும் கோட்டில் தெரியும். இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் கண்ணாடியில் பார்த்ததுபோல் பொருந்த வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்.

அத்தான்: இருக்கையில் மேப் வரைந்தமாதிரி வருமா?

அக்கா: ஆமாங்க, உயரக்கோடு போட்ட மேப்.

நான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: என்னடா எழுதி அழித்தாய்?

நான்: ஒன்றுமில்லை. கிரைண்டரில் என்ன டிஸ்க் போடுவது?

சித்தப்பா: கார்பைட் பற்கள் உள்ள செதுக்கு டிஸ்க், அப்புறம் உப்புத்தாள் இதழ்கள் அடுக்கின 40ஆம் நம்பர் பிளாப் டிஸ்க். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று, சிலது அதற்கு மேலும் ஓடும். டிஸ்கில் அச்சடித்திருக்கிற சுற்று உன் மெஷினின் சுற்றைவிடக் குறையக்கூடாது. செயின் சா சங்கிலி சுற்றின டிஸ்க் எதையும் வாங்காதே, கடித்தால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். டிஸ்கை மறைக்கிற கார்டைக் கழற்றாதே, பக்கக் கைப்பிடியை விடாதே.

அம்மா: இதெல்லாம் குழந்தை இருக்கிற வீட்டில்!

சித்தப்பா: வெளியில்தான் அண்ணி. மரத்தூளோடு பசையும் பொடியாகப் பறக்கும், பல பிளைவுட் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. என்95 மாஸ்க் போட்டுக்கொண்டுதான் மெஷினைப் போட வேண்டும். அந்த உடுப்போடு குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

அக்கா: சரி சித்தப்பா. உப்புத்தாள் 400 வரை போகவா?

சித்தப்பா: 60, 80, 120, 180. போதும். அதற்குமேல் போவது ஆசைக்காக. விளிம்பு நார் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், முதல் பூச்சு காணாமல் போனால் பயப்படாதே, இன்னொன்று பூசு.

அக்கா: ஆளி விதை எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா: பூசின துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதே. காயும்போது சூடு உண்டாகும், சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேறாமல் தானே தீப்பிடிக்கும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வை.

அத்தான்: அது என் வேலை மாமா. துணி விரிக்கிற பொறுப்பு எனக்கு.

அம்மா: முதலில் யார் உட்காரப் போகிறது?

அக்கா: அவர்தான்.