தொடை இடுக்குல வட்ட வட்டமா தடிப்பு, வீட்ல இருக்கற க்ரீம போடலாமா?

வானம்பாடி:
வணக்கம் எல்லாருக்கும். என் வீட்டுக்காரருக்கு தொடை இடுக்குலயும் இடுப்புலயும் வட்டமா சிவந்து தடிச்சிருக்கு, வேர்த்தா அரிப்பு தாங்க முடியலங்கறாரு. முன்னாடி எனக்கு அலர்ஜி வந்தப்ப டாக்டர் எழுதிக் குடுத்த க்ரீம் பாதி ட்யூப் மிச்சம் இருக்கு, அதையே போட்டுக்கறேன்னு நிக்கறாரு, போடலாமா? அப்புறம் ஆறு வயசு பையனுக்கு கன்னத்துல வெளிறுன மாதிரி ஒரு திட்டு, அரிப்பெல்லாம் இல்ல, ஆனா வெண்புள்ளியா இருக்குமோன்னு பயமா இருக்கு. எது தானா சரியாகும், எதுக்கு ஸ்கின் டாக்டர்ட்ட போகணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

கார்மேகம்:
மொதல்ல அந்த ட்யூப எடுத்து உள்ள வைங்க சிஸ்டர். அதுல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு எதாவது போட்டிருந்தா அது ஸ்டீராய்டு. நீங்க சொல்றத பாத்தா படர்தாமரை மாதிரி தெரியுது. நல்ல வெளிச்சத்துல உத்துப் பாருங்க, வட்டத்தோட ஓரம் மட்டும் மேடா, பொடிப்பொடி பருவோட, செதிலா இருக்கும், நடுவுல ஆறுன மாதிரி இருக்கும், நாளாக நாளாக ஓரம் வெளிய நகந்துட்டே போகும். அப்படி இருந்தா பெரும்பாலும் பூஞ்சைதான்.

அதுமேல ஸ்டீராய்ட போட்டா சிவப்பும் அரிப்பும் சட்டுனு அடங்கிரும், ஏன்னா அது நம்ம தோலோட எதிர்ப்பத்தான் அமுக்குது, பூஞ்சைய ஒண்ணும் பண்ணாது, அது பாட்டுக்கு பரவிட்டே இருக்கும், க்ரீம நிறுத்துனா முன்னவிட பெருசா கிளம்பும், அந்த வட்டமே கலைஞ்சு போயிர்றதால டாக்டருக்கே கண்டுபிடிக்க கஷ்டம். தொடை இடுக்குல தோல் வேற மெலிசு, தொடர்ந்து போட்டா வரிவரியா கோடு விழுந்துரும், அது முழுசா மறையாது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒண்ணா கலந்து வர்ற க்ரீமும் இதே கததான், எனக்கு அதப் பாத்தாலே கோவம் வருது, அரிப்பு நின்னதும் குணமாயிருச்சுன்னு எத்தன பேரு ஏமாறுறாங்க.

சின்னதா ஒரே எடத்துல இருந்தா வெறும் பூஞ்சை க்ரீமே போதும், தடிப்பு மறைஞ்சதும் விட்டுடாம சொன்ன நாள் முழுக்க போடணும். இவருக்கு ரெண்டு எடத்துல இருக்கறதால டாக்டர்ட்ட போயிருங்க, மாத்திர தேவைப்படலாம். ஓரத்துல இருந்து செதில சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தாலே தெரிஞ்சிரும். துண்ட யாரும் மாத்தி உபயோகிக்காதீங்க. கால் விரல் இடுக்கையும் பாருங்க, அங்க சேத்துப்புண் இருந்தா அந்த பூஞ்சை ஜட்டி போடும்போது காலு உரசி மேல ஏறும், அதனால சாக்ஸ மொதல்ல போட்டுட்டு அப்புறம் ஜட்டி போடச் சொல்லுங்க.

நர்ஸக்கா:
மேல சொன்னது ரொம்ப சரி. பையன் விஷயம் சொல்றேன். ஓரம் மங்கலா, தொட்டா லேசா மாவு மாதிரி சொரசொரப்பா இருந்தா பயப்படாதீங்கம்மா, இந்த வயசுல கன்னத்துல அப்படி நெறைய குழந்தைங்களுக்கு வரும், வெயில்ல சுத்தி இருக்கற தோல் கருக்கறதால திட்டு எடுப்பா தெரியும். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் போடுங்க, கலர் திரும்ப மாசக்கணக்குல ஆகும். வெண்புள்ளின்னா பால் வெள்ளையா, ஓரம் கோடு போட்ட மாதிரி தெளிவா இருக்கும், செதில் இருக்காது. தேமல் பெரும்பாலும் பெரிய பசங்களுக்கு நெஞ்சு, முதுகு, கழுத்துல வரும்.

ஒண்ணு மட்டும் செஞ்சு பாருங்க. பையன கண்ண மூடச் சொல்லி பஞ்சால திட்டையும் பக்கத்து தோலையும் மாத்தி மாத்தி தொடுங்க, எங்க தொடுறீங்கன்னு கைய வெச்சு காட்டணும். திட்டுல உணர்ச்சி கம்மியா இருந்தா தள்ளிப்போடவே கூடாது, தொழுநோயான்னு பாக்கணும், அப்படியே இருந்தாலும் மாத்திரையில முழுசா குணமாகும். முகத்துல இந்த டெஸ்ட வெச்சு மட்டும் உறுதியா சொல்ல முடியாது, அதனால உணர்ச்சி இருந்தாலும் அப்பாவோட போகும்போது காட்டிருங்க.

வானம்பாடி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பையன் சரியா காட்டுறான், அப்பாடான்னு இருக்கு. இவரு கால பாத்தேன், சுண்டு விரல் இடுக்குல வெள்ளையா ஊறி தோல் உரிஞ்சிருக்கு! நாளைக்கே போறோம். ஒண்ணே ஒண்ணு, நாளைக்குன்னு கூட காத்திருக்கக் கூடாதது எது?

நர்ஸக்கா:
புது மருந்து சாப்ட்ட பிறகு தடிப்போட காய்ச்சல், வாய்ல கண்ணுல புண்ணு, தோல் கொப்புளிச்சு உரியறது, இதுக்கு நேரா எமர்ஜென்சிதான். உதடு, நாக்கு வீங்கி மூச்சு வாங்குனாலும் அப்படியே. சிவப்பு சூடா, வலியோட வேகமா பரவி காய்ச்சலும் இருந்தா அன்னைக்கே போகணும். ஒடம்புல ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோட பட்டையா கொப்புளம் வந்தா அது அக்கியா இருக்கலாம், 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சாதான் நல்ல பலன், கண்ணு பக்கம்னா ஒடனே போகணும்.

அவசரம் இல்லாட்டியும் விடக்கூடாதது மச்சம். அளவு, கலர், வடிவம் மாறுனா, ரத்தம் வந்தா காட்டணும். நம்மள மாதிரி நெறத்துக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில புதுசா வர்ற கறுப்பு கோட்டையும் கவனிக்கணும். வீட்ல எல்லாருக்கும் ராத்திரியானா அரிப்பு, விரல் இடுக்குல பொரின்னா அது சொறியா இருக்கலாம், எல்லாரும் ஒரே நேரத்துல மருந்து போட்டாதான் போகும்.

நாளைக்கு போறதுக்கு முன்னாடி அவர் மேல எந்த க்ரீமும் தடவாதீங்க, செதில் டெஸ்ட் சரியா காட்டாது. அந்த பழைய ட்யூபையும் கையோட எடுத்துட்டு போய் டாக்டர்ட்ட காட்டுங்க.