மறுமொழி: ‘சுழல் உடைவு’ வேண்டாம், ‘புரிச்சுழிக் குலைவு’ எப்படி?

> எல்லாவற்றுக்கும் ‘சுழல் உடைவு’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா. ஆங்கிலத்தில் ‘vortex breakdown’ எனப்படும் நிகழ்வுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; அதில் ‘உடைவு’ எனக்கு ஒப்பவில்லை. கான்கார்டு போன்ற முக்கோண இறக்கை விமானம் மூக்கை உயர்த்தித் தரையிறங்கும்போது, முன்விளிம்பில் பிரியும் காற்று இருபுறமும் சுழிகளாக உருள்கிறது. சுழியின் நடுவே அழுத்தம் குறைவு. தூக்குவிசையின் கணிசமான பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மூக்கு மேலும் உயர்ந்தால், சுழியின் அச்சில் ஓடும் காற்று சட்டென வேகமிழந்து ஓரிடத்தில் நின்றேவிடும். அதற்கப்பால் சுழி பருத்துக் கலங்குகிறது, ஆனால் சுற்றுவதை விடுவதில்லை. கட்டுதான் குலைகிறது. எஃப்-18 போர் விமானத்தில் இப்படிக் குலைந்த ஓட்டம் இரட்டை வால்களை ஓயாமல் அறைந்ததால், இறக்கையின் முன்நீட்சிமேல் சிறு தடுப்புத் தகடு பொருத்தினார்கள்.

அடுத்து ‘சுழல்’. பள்ளிப் பாடநூல் கொந்தளிக்கும் பாய்வுக்கே ‘சுழற்சி ஓட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டது (பொருந்தாப் பெயர், போகட்டும்). சுற்றிக்கொண்டே முன்னேறும் ஓட்டத்துக்கும் அதே வேரை எடுத்தால் மாணவர் குழம்புவார். கயிறு திரிப்பதில் ‘புரி’ இருக்கிறதே! ‘புரிச்சுழி’ என்றால் வலம்புரி, இடம்புரி எனத் திசைக்கும் பெயர் கிடைக்கிறது. முக்கோண இறக்கையின் இரு சுழிகளும் எதிரெதிராகத்தானே சுற்றுகின்றன. சுற்றுவேகத்துக்கும் அச்சுவேகத்துக்குமான விகிதம் ‘புரியெண்’.

‘நிலையின்மை’யையும் ‘குலைவை’யும் ஒன்றாக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலாவது, சிறு கலக்கம் வளர்வது. இரண்டாவது, ஓட்டத்தின் வடிவமே மாறுவது. அடர்த்தி மாறும் அதிவேகப் பாய்வில் இவை எதிர்த்திசையில் போகின்றன. மாக் எண் (பாய்வின் வேகத்துக்கும் ஒலிவேகத்துக்குமான விகிதம்) ஏற ஏறச் சிறு கலக்கங்கள் வளரும் வேகம் பொதுவாகத் தணிகிறது. அதே வேளை, இறக்கைமேல் நிற்கும் அதிர்ச்சி அலையில் மோதிய சுழி திடீரெனக் குலைந்துவிடக்கூடும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது. அடர்த்தி மாறும் அந்தப் பாய்வுக்கு (compressible flow) ‘அமுங்கு பாய்வு’ போதும். ‘அமுக்கத்தகு’ வாயில் சிக்குகிறது.

குலைவின் வகைகள் பாக்கி. ஆய்வாளர்கள் லம்போர்னும் பிரையரும் 1961இல் வெளியிட்ட படத்தில் ஒரே இறக்கையின் ஒரு பக்கச் சுழி குமிழாகவும் மறுபக்கச் சுழி திருகாகவும் குலைந்திருக்கும். குமிழ்க்குலைவு, திருகுக்குலைவு என்று எழுதியிருக்கிறேன். ‘புரி’யும் ‘திருகு’ம் ஒன்றோடொன்று மோதுகின்றனவா? பொறியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.