கரண்டு எடுக்கற காத்தாடிக்குப் பக்கத்துல குடியிருக்கவங்க அனுபவம் சொல்லுங்க

பணகுடிக்காரன்:
வீட்டுக்கு மேக்க இருந்த பழைய 250 கிலோவாட் காத்தாடியைப் பிரிச்சிட்டு 2 மெகாவாட் ஒண்ணு நட்டாங்க. சத்தத்தை விடுங்க, பழகிரும். போன ஆடியில சாயங்காலம் அஞ்சரை மணி. ஆச்சி நடையில உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தா. கண்ணு சரியாத் தெரியாது. திடீர்னு, "யாருல அது? உள்ள வரணும்னா வா, ஏன் வாசல்லயே வந்து வந்து போற?"ன்னு சத்தம் போட்டா. வெளிய போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்ல. இறக்கை நிழல். சுவத்துல ஏறி அவ மூஞ்சியத் தாண்டிப் போகுது, ரெண்டு எண்ணுறதுக்குள்ள அடுத்தது. என்ன சொல்லன்னு தெரியாம, "நாந்தான் ஆச்சி"ன்னுட்டேன்.

கரிசல்மண்:
கயத்தாறு பக்கம் நாங்க. காத்தாடியில பழசு புதுசு எல்லாம் பாத்தாச்சு. எனக்கு மறக்காதது பாதைதான். கிரேன் வரணும்னு ஓடையில சரளை அடிச்சு மேடாக்கினாங்க. தண்ணி போகக் குழாய் வைப்போம்னாங்க. வச்சாங்க, ஒண்ணே ஒண்ணு. ஐப்பசி மழையில உளுந்து பூரா மூழ்கிருச்சு. எங்கய்யா முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு காத்தாடிய அண்ணாந்து பாத்துட்டு இருந்தாரு. அது சுத்தவே இல்ல (வைகாசியில இருந்து புரட்டாசி வரைதான் அதுக்கு சீசன்). இது வந்ததுல இருந்து மழையும் கொறஞ்சு போச்சு, மேகத்தை வெரட்டுது.

உடுமலைவாசி:
கரிசல்மண், மழையில உளுந்து மூழ்குச்சுங்கறீங்க, மழையை வெரட்டுதுன்னும் சொல்றீங்க. எதை நம்பறதுங்க? இறக்கை நுனி எட்டறது 150, 200 மீட்டர். மேகம் அதுக்கெல்லாம் ரொம்ப மேல. உங்க ஊரும் எங்க ஊரும் மலைக்குக் கிழக்கால. தென்மேற்கு மழையை மலையே வாங்கிக்குது. எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய், உங்களுக்குச் செங்கோட்டைக் கணவாய், இன்னும் தெக்க ஆரல்வாய்மொழி, அது வழியா காத்து மட்டும் வருது. காத்து இருக்கற எடம் பாத்துத்தான் வச்சாங்க, வச்சதனால மழை போகலீங்க.

என் அனுபவம் சின்னது. இறக்கை ஏத்துன லாரி எங்க ஊர் முக்குல திரும்ப முடியலைன்னு புளியமரக் கொம்பை வெட்டுனாங்க. எங்கப்பா வண்டி கட்டி நிறுத்தற கொம்பு.

நிலம் குடுக்கறவங்க கேட்டுக்கங்க. புரோக்கர் பேச்சை நம்பாதீங்க. வில்லங்கம் பாருங்க. காத்தாடி நிக்கற எடத்துக்கு மட்டும் பத்திரம்னு நெனைப்பீங்க, உள்ள பாதைக்கும் கம்பிக்கும் சேத்து எழுதியிருப்பாங்க. புலப்படத்துல ஓடை எங்க போகுதுன்னு சர்வேயரை வச்சு அளந்து, குழாய் எத்தனை, என்ன அகலம்னு எழுதி வாங்குங்க. குத்தகைன்னா, காலம் முடிஞ்சதும் அடியில இருக்கற கான்கிரீட்டை யார் தோண்டி எடுப்பாங்கன்னு கேளுங்க. ஒருத்தரும் கேக்கறதில்ல.

பேசாலைப் பெடியன்:
நான் மன்னார்த் தீவு. 2025 ஓகஸ்டில காத்தாடிச் சாமான் ஏத்தின லொறிகளை எங்கட சனம் ரோட்டில நிண்டு மறிச்சது, செய்தியில பாத்திருப்பீங்கள். அப்பாவும் போனவர், தண்ணிப் போத்திலோட. கரைக்குக் கிட்ட மீன் வாறேல்ல எண்டுதான் அவற்ற கோவம். ஆனா அதுக்கு முதல் ஒருநாள் இரவு அவரோட கடலுக்குப் போனனான். திரும்பேக்க சரியான இருட்டு. அப்பா எஞ்சினைக் குறைச்சுப்போட்டு காத்தாடி உச்சியில எரியிற அந்தச் சிவப்பு லைட்டுகளை எண்ணினார். ஏழாவதுக்கு நேரே ஓட்டு எண்டார். முந்தி பனையைப் பாத்துத்தான் கரை பிடிக்கிறவர். இதை மறிப்பில நிக்கேக்க அவரிட்டக் கேக்கோணும் போல இருந்தது, கேக்கேல்ல.

பணகுடிக்காரன்:
உடுமலை அண்ணாச்சி, நாங்க நிலமே குடுக்கலியே. அது பக்கத்து விளைக்காரர் வித்தது. எங்களுக்கு வந்தது நிழல் மட்டுந்தான், அதுக்கு எந்த சர்வேயரைக் கூப்பிட? ஆச்சியை இப்பம் சாயங்காலம் பொறவாசல்ல உக்கார வைக்கோம்.