பொங்கிய சாவர்டோ ஸ்டார்ட்டர் இப்போது அசையவே மாட்டேன் என்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். முழுக்கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் வைத்து சாவர்டோ ஸ்டார்ட்டர் (ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் புளித்த மாவுக் கலவை) வளர்த்து வருகிறேன். தொடக்கத்தில் ஜாடி வழியும் அளவுக்குப் பொங்கியது. இப்போது அங்கங்கே நாலு குமிழி, அவ்வளவுதான்.

அந்த முதல் பொங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ஈஸ்ட் இல்லை, மாவிலேயே இருக்கும் லூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள்தான் என்பது தெரியும். புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் பிறகுதான் மெல்லத் தலையெடுக்கும். அதனால்தான் கொட்டாமல் வைத்திருக்கிறேன்.

தினம் ஒருமுறை 50 கிராம் ஸ்டார்ட்டரை மட்டும் நிறுத்திக்கொண்டு, 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர் சேர்க்கிறேன். சமையலறை 26 டிகிரி செல்சியஸ் இருக்கும். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் பிரிகிறது, நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வேறு. பசியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பூஞ்சையோ, இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகளோ இல்லை (இருந்தால் யோசிக்காமல் குப்பைக்குப் போயிருக்கும்).

இந்த நிலையில் ஒரு நாளைக்கு இருமுறை மாவு கொடுக்கலாமா? இல்லை, 1:2:2 அளவுக்கு (ஒரு பங்கு ஸ்டார்ட்டருக்கு இரண்டு பங்கு மாவு, இரண்டு பங்கு தண்ணீர்) போகலாமா? ஈஸ்ட் பெருகும் முன்பே அதிகம் மாவு சேர்த்தால் புளிப்பு நீர்த்துப்போகுமே என்றுதான் தயக்கம். கொஞ்சம் ரை (rye) தானிய மாவு கலந்து பார்த்தவர்கள் இருந்தால், எவ்வளவு கலந்தீர்கள், வித்தியாசம் தெரிந்ததா என்று சொல்லுங்கள். மிதக்கும் சோதனை (ஒரு கரண்டி ஸ்டார்ட்டரைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது) வேண்டாம், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில மணி நேரத்தில் இரண்டு மடங்கு எழும்பினால் போதும்.